இல்வாழ்வில் புத்தர் அறம்

(நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் வரையறுக்கின்றது. அவ்வெல்லையின் மேலேயே வீடு கட்டிக்கொண்டு வாழ்கின்றவர்கள் நாம். சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் குடும்பத்தோடு வந்து இம்மண்டபத்தில் நிறைந்திருக்கும் உங்களைக் காண என் உள்ளம் மகிழ்கின்றது. வேலையின் பொருட்டும், வணிகத்தின் பொருட்டும், பிள்ளைகளின் படிப்பின் பொருட்டும் இங்கு வந்தோம். தெலுங்கு மக்களின் அன்பால் நிலைபெற்றோம். குறையொன்றும் சொல்வதற்கில்லை. ஆயினும், மாலையில் வீடு திரும்பும்போது நம்மில் பலருடைய மனத்தில் ஒரு சுமை இருக்கின்றது. அச்சுமையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

"இக்கால வாழ்வின் இடர்ப்பாடுகளுக்குப் புத்தர் பெருமானின் நெறி எங்ஙனம் துணைசெய்யும்?" என்பது செயலாளர் எனக்குப் பணித்த பொருள். கேட்டவுடன் தயங்கினேன். நான் துறவியல்லேன், பாலி மொழி பயின்ற புலவனுமல்லேன். முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். அன்றியும், ஏழுமலையான் திருவடி நிழலில் வாழும் நம்மிடையே ஒருவன் புத்தரைப் பற்றிப் பேசப் புகுந்தால், "இவர் நம்மை மதம் மாறச் சொல்ல வந்தாரோ?" என்று எவரேனும் ஐயுறலாம். அந்த ஐயம் வேண்டா. உங்கள் வீட்டுப் பூசையறையை மாற்ற நான் வரவில்லை. அவ்வறைக்கும் வாயிற்படிக்கும் இடையே நடக்கும் வாழ்க்கையைப் பற்றிச் சிறிது சிந்திக்கவே வந்திருக்கின்றேன்.

நமக்கு அயலான நெறியன்று

புத்தர் நெறி தமிழர்க்கு அயலானதன்று. இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள காஞ்சி மாநகர் ஒரு காலத்தில் பௌத்தக் கல்விக்குப் பேர்பெற்ற இடம். நம் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலை முற்றிலும் பௌத்தக் காப்பியமே. அதனை இயற்றிய சாத்தனார் காட்டும் அறம் எத்தகையது? மணிமேகலை கையில் அமுதசுரபி கிடைக்கின்றது. அவள் குகையைத் தேடிச் செல்லவில்லை. பசித்தவர் இருக்கும் இடத்தைத் தேடிச் செல்கின்றாள். சிறைக்கோட்டத்துக்குள் புகுந்து அங்குள்ளோர்க்கு உணவளிக்கின்றாள். அரசன் வேண்டும் வரம் யாதெனக் கேட்க, அச்சிறையையே அறக்கோட்டமாக மாற்றித்தருமாறு வேண்டுகின்றாள். தமிழர் பௌத்தத்தை எப்படி விளங்கிக்கொண்டனர் என்பதற்கு இஃதொன்றே போதும். துன்பத்தை விட்டு ஓடுவதை அவர்கள் அறம் என்று கொள்ளவில்லை. துன்பம் உள்ள இடத்திலேயே செய்ய வேண்டியதைச் செய்வதை அறம் என்று கொண்டனர்.

"அது பழங்கதை, தொழிற்சாலையும் கடனும் போட்டியும் நிறைந்த இக்காலத்துக்கு அது பொருந்துமா?" என்று நீங்கள் வினவலாம். நியாயமான வினா. அதற்கு விடை தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. சித்தூரிலிருந்து மேற்கே, பலமனேர் கடந்து, வெங்கடகிரிக்கோட்டை வழியாகச் சென்றால், கருநாடக எல்லைக்குள் ஓர் ஊர் வருகின்றது. அதுவே கோலார் தங்கவயல். நம்மைப் போலவே பிழைப்பைத் தேடிச் சென்று குடியேறிய தமிழர்கள், தொழிற்காலத்தின் மிகக் கடுமையான வாழ்க்கைக்கு நடுவே, புத்தர் நெறியைக் கைக்கொண்டு வாழ்ந்து காட்டிய இடம் அது.

தங்கவயலில் மலர்ந்த சங்கம்

1880ஆம் ஆண்டினை ஒட்டி ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலக் கம்பெனியார் அங்கே பெருஞ்சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். 1902ஆம் ஆண்டிலேயே காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் அங்கு வந்துவிட்டது. பல மாநகரங்கள் விளக்கில்லாது இருந்த காலத்தில் தங்கவயல் ஒளி வீசிற்று. ஆனால் அவ்வொளி நிலத்தின் மேலே; உழைத்தவர்களோ நிலத்தின் கீழே. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். அதிலும் அந்நாளைய வட ஆர்க்காட்டு மாவட்டத்திலிருந்து சென்றோர் பலர். 1911ஆம் ஆண்டுவரை நம் சித்தூரே அம்மாவட்டத்தின் தலைநகராக இருந்தது என்பதை நினைவிற் கொண்டால், அவர்கள் நமக்கு எவ்வளவு அண்மையானவர்கள் என்பது விளங்கும்.

சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. கூண்டில் ஏறி இறங்குவார்கள். கீழே வெப்பம், கற்பொடி கலந்த காற்று, எந்த நேரத்திலும் பாறை வெடித்துச் சரியும் என்னும் அச்சம். கற்பொடி நுரையீரலில் படிந்து உண்டாகும் நோய் பலருடைய வாழ்நாளைக் குறைத்தது. மேலே வந்தால் வரிசை வீடுகளில் ஒற்றை அறை. இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு துன்பம் இருந்தது. அவர்களுள் பலர் பிறப்பினால் தாழ்த்தப்பட்டவர்கள். சொந்த ஊரில் எந்தத் தெருவில் நடக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டார்களோ, அந்த இழிவையும் மூட்டையோடு சேர்த்தே சுமந்து வந்தவர்கள்.

இவர்களுடைய காலத்தில் சென்னையில் வாழ்ந்தவர் பண்டிதர் அயோத்திதாசர். 1845 முதல் 1914 வரை வாழ்ந்த இப்பெருமகனார் சித்த மருத்துவர், தமிழ்ப் புலவர். 1898ஆம் ஆண்டு இலங்கைக்குச் சென்று சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907ஆம் ஆண்டு "ஒரு பைசாத் தமிழன்" என்னும் வார இதழைத் தொடங்கினார். அதுவே பின்னர் "தமிழன்" என்று பெயர் பெற்றது. பிறவியால் ஒருவன் தாழ்ந்தவனாதல் இல்லை, ஒழுக்கமே மனிதனை உயர்த்தும் என்பது அவர் புத்தரிடம் கண்ட செய்தி. அதே 1907ஆம் ஆண்டில், சென்னையில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர் இலட்சுமி நரசு பௌத்தத்தின் சாரத்தை விளக்கி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். பிற்காலத்தில் அந்நூலை மறுபதிப்பாகக் கொணர்ந்து முன்னுரை வழங்கியவர் அண்ணல் அம்பேத்கர். அவர் 1956ஆம் ஆண்டு நாகபுரியில் பௌத்தம் தழுவியதை நாம் அனைவரும் அறிவோம். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தங்கவயல் தொழிலாளர் அவ்வழியில் நடக்கத் தொடங்கிவிட்டனர்.

மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் சங்கக் கிளைகள் தோன்றின. முருகேசர், அப்பாதுரையார் முதலிய பெரியோர்கள் அங்கே உழைத்தனர். பகலெல்லாம் பாறையைக் குடைந்தவர்கள் ஓய்வுநாளில் ஒன்றுகூடிப் பஞ்சசீலம் ஓதினர், சொற்பொழிவு கேட்டனர், இதழ் படித்தனர், படிக்கத் தெரியாதவர்க்குப் படித்துச் சொல்லினர். திருமணத்தையும் இறுதிச் சடங்கையும் ஆடம்பரமின்றி நடத்திக்கொண்டனர். வைகாசி முழுநிலவைத் திருநாளாகக் கொண்டாடினர். தம் கூலியிலிருந்து காசு சேர்த்து நூல்கள் அச்சிட உதவினர். "தமிழன்" இதழ் நின்றுபோன பின் 1926ஆம் ஆண்டு அது மீண்டும் உயிர்பெற்றது தங்கவயலில்தான். அன்பர்களே, நிலத்தின் ஆழத்தில் வேலை செய்தவர்கள் ஓர் இதழை நடத்தினார்கள் என்பதை ஒரு நொடி எண்ணிப் பாருங்கள்.

ஐந்து உறுதிகள்

நிற்க. இக்காலத்தில் உலகெங்கும் பௌத்தப் பயிற்சிக்குப் பெருமதிப்பு ஏற்பட்டிருக்கின்றது. பர்மா விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டில் அந்நாட்டின் கணக்குத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற ஊ பா கின் என்பார், அலுவலகப் பணியோடு தியானமும் கற்பித்தார்; 1952ஆம் ஆண்டு இரங்கூனில் தியான நிலையம் நிறுவினார். என்னைப் போன்ற கணக்கர்களுக்கு அவர் ஒரு தனிப்பெருமை! தீராத் தலைவலியோடு அவரிடம் சென்று சேர்ந்த இந்திய வணிகர் கோயங்கா, 1969ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து விபாசனைப் பயிற்சியைப் பரப்பினார். அமெரிக்காவில் 1979ஆம் ஆண்டு கபட்-சின் என்னும் அறிஞர், மருத்துவமனையிலேயே மன அழுத்தத்துக்கு இப்பயிற்சியைப் பயன்படுத்தத் தொடங்கினார். இன்றோ, கைப்பேசியிலேயே தியானம் கற்பிக்கின்றார்கள்.

இவையெல்லாம் நல்லனவே. ஆயினும் ஒரு செய்தியை நாம் மறந்துவிடுகின்றோம். புத்தர் நெறியில் சீலம், சமாதி, பிரஞ்ஞை என்று மூன்று படிகள் உண்டு. நல்லொழுக்கம், மனவொருமை, மெய்யறிவு எனத் தமிழில் கூறலாம். உலகம் இன்று நடுப்படியை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக விரும்புகின்றது. "எனக்கு அமைதி வேண்டும்; ஆனால் என் நடத்தையைப் பற்றிக் கேளாதே" என்கின்றது. தங்கவயலார் முதற்படியிலிருந்து தொடங்கினர். அவர்களிடமிருந்து நாம் கற்கவேண்டியது இதுவே என்று நான் கருதுகின்றேன்.

பஞ்சசீலம் எவை? உயிரைக் கொல்லாமை, கொடாததைக் கவராமை, பிறழ்ந்த காமம் தவிர்த்தல், பொய்யாமை, மயக்கம் தருவனவற்றை விலக்குதல். இவை மேலிருந்து வந்த கட்டளைகள் அல்ல. "இப்பயிற்சியை மேற்கொள்கின்றேன்" என்று ஒருவன் தனக்குத்தானே கூறிக்கொள்ளும் உறுதிகள். தவறினால் நரகம் என்று அச்சுறுத்துவதில்லை. மீண்டும் எடுத்துக்கொள் என்று அழைக்கின்றன. இன்னொரு நுட்பமும் உண்டு. சீலம் காப்பவன் எண்ணற்ற உயிர்களுக்கு அச்சமின்மையைத் தானமாக அளிக்கின்றான் என்பது பௌத்த நூல்களின் கருத்து. என் கைக்கு அஞ்ச வேண்டுவதில்லை, என் நாவுக்கு அஞ்ச வேண்டுவதில்லை என்று அருகில் இருப்பவர் உணர்வதே அத்தானம்.

இவ்வுறுதிகளை இன்றைய வாழ்வில் வைத்துப் பார்ப்போம். கொல்லாமை என்பது, திருப்பதிச் சாலையில் நாம் ஊர்தி ஓட்டும் வேகத்திலும் இருக்கின்றது. கொடாததைக் கவராமை என்பது, வீட்டு வேலைக்கு வரும் அம்மையாரை ஒப்பிய நேரத்துக்கு மேல் நிறுத்திவைத்து அவருடைய பொழுதைக் கவராமலிருப்பதிலும் இருக்கின்றது. பொய்யாமை என்பது, மெய்யோ பொய்யோ என்று ஆராயாமல் கைப்பேசியில் வந்த வதந்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பாமலிருப்பதிலும் இருக்கின்றது. மயக்கம் என்பது கள்ளும் சாராயமும் மட்டுமல்ல. நள்ளிரவில் விளக்கணைத்த பின்னும் ஒளிரும் அச்சிறு திரையும், அதில் நடக்கும் பண ஆட்டமும் விழிப்பைப் போக்குவனவே. தங்கவயலில் கூலி நாளன்று சாராயக் கடையைத் தாண்டி வீடு சேர்ந்தவன் ஒரு வீரன். இன்று அக்கடை நம் சட்டைப் பையிலேயே இருக்கின்றது. அதைத் தாண்டுவது இன்னும் கடினம்.

பாட்டனார் அமர்ந்த படி

தங்கவயலைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்கு நூலறிவு மட்டும் காரணமன்று. என் தாயைப் பெற்ற பாட்டனார் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் வேலை செய்தவர். கோடை விடுமுறையில் சிறுவனாக அவர் வீட்டுக்குச் செல்வேன். சங்கு ஊதும், சிறிது நேரத்தில் பாட்டனார் வருவார். நான் ஓடிச் சென்று காலைக் கட்டிக்கொள்ள விரும்புவேன். பாட்டியார் என் தோளைப் பிடித்து நிறுத்திவிடுவார். பாட்டனார் நேரே உள்ளே வரமாட்டார். வாயிற்படியில் அமர்வார்; கைகளை முழங்காலின்மேல் வைத்துக்கொள்வார்; கண்ணை மூடியும் மூடாமலும் பத்து மூச்சு விடும் அளவு இருப்பார். பின்னர்த்தான் எழுந்து, "வாடா தம்பி" என்பார். ஒருநாள் காரணம் கேட்டேன். "சுரங்கத்தை வீட்டுக்குள்ளே கொண்டுவரக் கூடாதப்பா, அதை இங்கேயே இறக்கி வைத்துவிட்டு வருகிறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்தில் கேட்டதை அவர் அப்படித்தான் விளங்கிக்கொண்டிருந்தார். எழுதப் படிக்கச் சிறிதே தெரிந்தவர் அவர்.

அவருடைய பேரனாகிய நானோ நிறையப் படித்தேன். ஆயினும் அந்தப் படியை மறந்தேன். அவையோரே, வெட்கத்தோடு ஒன்று சொல்கின்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச்சு மாத இறுதி. கணக்கு முடிக்கும் நேரம். பிழை என்னுடையதன்று, ஆயினும் மேலதிகாரி ஒருவர் பலர் நடுவே என்னை இழித்துப் பேசினார். நான் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தேன். என் மகன் அந்நாளில் ஒன்பதாம் வகுப்பு. கணக்குப் பாடத்தில் பெற்ற குறைந்த மதிப்பெண்ணைக் காட்டிக் கையொப்பம் கேட்டான். அவனை அடித்துவிட்டேன். ஓர் அடியன்று. என் மனைவி இடையே வந்து நின்ற பிறகே நிறுத்தினேன். அவன் அழவில்லை. அதன்பின் நாற்பது நாள் அவன் என்னோடு பேசவில்லை.

புத்தரை ஒருவன் கடுஞ்சொற்களால் ஏசிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஏசி முடித்தவனிடம் அவர் அமைதியாகக் கேட்டாராம்: "உன் வீட்டுக்கு விருந்தினர் வருவதுண்டா? அவர்களுக்கு நீ படைத்த உணவை அவர்கள் ஏற்காவிட்டால் அது யாருக்கு உரியது?" தனக்கே உரியது என்றான் அவன். "உன் ஏச்சும் அப்படியே, நான் அதை ஏற்கவில்லை" என்பது அவருடைய மறுமொழி. இக்கதையை இளமையிலேயே கேட்டிருந்தேன். ஆனால் நான் செய்தது யாது? அலுவலகத்தில் எனக்குப் படைத்த நஞ்சை மறுக்காமல் வாங்கி, மடியில் கட்டிக்கொண்டு வந்து, என் குழந்தையின் இலையில் பரிமாறினேன். என் மகன் அடிபட்டது கணக்குப் பாடத்துக்காக அன்று. என் மேலதிகாரியின் சொல்லுக்காக. இதை உணர எனக்கு நாற்பது நாள் ஆயிற்று. உணர்ந்த பிறகு அவனிடம் சென்று, "பிழை என்னுடையது" என்று சொன்னேன். அவன் தலையை மட்டும் அசைத்தான்.

அன்றுமுதல் நானும் வாயிற்படியில் அமர்கின்றேன். பத்து மூச்சு. மூச்சு உள்ளே வருவதை அறிதல், வெளியே போவதை அறிதல், வேறொன்றுமில்லை. சில நாள்களில் ஏழாம் மூச்சிலேயே மனம் அலுவலகத்துக்கு ஓடிவிடும். மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவேன். ஒருநாளில் மாறிவிட்டேன் என்று சொல்லமாட்டேன், ஓராண்டுக்கு மேலாயிற்று. மகன் இன்று பெங்களூரில் வேலை பார்க்கின்றான். சென்ற பொங்கலுக்கு வந்தபோது, ஊர்தியை நிறுத்திவிட்டு உடனே இறங்காமல் சிறிது நேரம் உள்ளேயே அமர்ந்திருந்தான். சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை.

வருவாயும் வேட்கையும்

சினத்துக்கு அடுத்தபடியாக நம் வீடுகளை வாட்டுவது கடன். துறவியான புத்தருக்குப் பணத்தைப் பற்றி என்ன தெரியும் என்று எண்ணாதீர்கள். சிகாலன் என்னும் இல்லறத்து இளைஞனுக்கு அவர் கூறிய அறிவுரையில் வருவாயைப் பிரிக்கும் முறையே இருக்கின்றது. நான்கு பகுதியாக்கி, ஒரு பகுதியை வாழ்க்கை நுகர்ச்சிக்கும், இரு பகுதிகளைத் தொழிலுக்கும், எஞ்சிய ஒன்றை இடர் வந்தகாலத்துக்கும் வைக்க வேண்டும் என்பது அது. நம்மில் பலர் நான்கு பகுதியையும் மாதத் தவணைக்கே கொடுத்துவிட்டு, ஐந்தாம் பகுதியைத் தேடி அலைகின்றோம். பக்கத்து வீட்டார் வாங்கிய ஊர்தி, உறவினர் நடத்திய திருமணம், பிறர் காட்டும் படங்கள் இவை நம் தேவையை முடிவு செய்கின்றன. வேட்கையே துன்பத்தின் வேர் என்று புத்தர் கண்டது ஆழ்ந்த தத்துவம்தான். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க வங்கிப் புத்தகமே போதும். ஒரு பொருளை விரும்பிய அன்றே வாங்காமல் ஏழுநாள் பொறுத்துப் பாருங்கள். எட்டாம் நாளும் அது வேண்டியதாக இருந்தால் வாங்குங்கள்.

அதே அறிவுரையில், வேலை கொடுப்போர் கடமையும் கூறப்பட்டிருக்கின்றது. வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயுற்றால் பேணுதல், சுவையான உணவு கிடைத்தால் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வளித்தல் என ஐந்து. தங்கவயல் முதலாளிகள் இதை எண்ணியிருந்தால் எத்தனையோ உயிர்கள் வாழ்ந்திருக்கும். நம் கடைகளிலும் இல்லங்களிலும் வேலை செய்வோர்க்கு நாம் இவ்வைந்தையும் செய்கின்றோமா என்பதை அவரவர் வீட்டுக்குச் சென்று எண்ணிப் பாருங்கள்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். தேர்வு என்றால் உறக்கத்தையும் உணவையும் விட்டுவிடுகின்றீர்கள். சோணன் என்னும் துறவி பாதம் புண்ணாகிக் குருதி வடியும்வரை நடந்து பயிற்சி செய்து, பயன் காணாமல் சோர்ந்தான். அவன் முன்னர் யாழ் வாசிப்பவன். நரம்பை மிகையாக முறுக்கினாலும், மிகையாகத் தளர்த்தினாலும் இசை எழுமா என்று புத்தர் அவனைக் கேட்டார். பெற்றோர்களே, இக்கேள்வி பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று; நரம்பை முறுக்குகின்ற கை நம்முடையது.

இரண்டு எச்சரிக்கைகள்

இங்கு இரண்டு செய்திகளைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். முதலாவது, தியானம் மருந்துக்கு மாற்றன்று. உறக்கமின்றி, உணவில் விருப்பமின்றி, வாழ்வே வேண்டா என்னும் எண்ணம் ஒருவர்க்கு எழுமாயின் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதலே அறம். அயோத்திதாசரே மருத்துவர் என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது, பொறுமை என்பது அநீதிக்குப் பணிதலன்று. 1930ஆம் ஆண்டு, தங்கவயல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் ஏற்பாடு வந்தபோது, எங்களைக் குற்றவாளிகளைப் போல் நடத்துவதா என்று ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். உரிமை கேட்க வேண்டிய இடத்தில் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அலுவலகத்தில் கேட்க வேண்டியதை வீட்டிலுள்ள எளியவர்மேல் இறக்குவது வீரமன்று. நான் செய்த பிழை அதுவே. எங்கே பேச வேண்டும், எங்கே அமைதி வேண்டும் என்று பிரித்தறிவதற்குத்தான் அந்தப் பத்து மூச்சு.

சங்கம் என்னும் சொல்

இறுதியாக ஒன்று. நம் அமைப்புக்குச் சங்கம் என்று பெயர். பௌத்தர் போற்றும் மும்மணிகளில் புத்தர், தம்மம் ஆகியவற்றோடு மூன்றாவதாக நிற்பதும் சங்கமே. கூடி வாழாத நெறி நிலைக்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

குழந்தையை இழந்த கிசா கோதமி, அதனை உயிர்ப்பிக்க மருந்து கேட்டு வந்தபோது, சாவு நேராத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கிவருமாறு புத்தர் அனுப்பிய கதை உங்களுக்குத் தெரியும். எல்லாரும் ஒருநாள் இறப்பர் என்பதை அவர் வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, வீடுவீடாக அனுப்பினார். ஒவ்வொரு வாயிலிலும் அவள் கேட்டது கடுகு. கிடைத்தது தன்னைப் போலவே இழந்த ஒருவரின் துணை. தனியாக அழுதவள் ஊரோடு சேர்ந்தாள். இன்று நம் குடியிருப்புகளில் கதவுகள் அடைத்தே கிடக்கின்றன. பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் தனித்திருக்கும் முதியோர் எத்தனை பேர் என்பது நமக்கே தெரியும். எதிர் வீட்டில் துன்பம் நேர்ந்ததைக் கைப்பேசிச் செய்தியால் அறிகின்றோம். கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததாக எண்ணுகின்றோம்.

தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. சங்கு ஓய்ந்தது. ஆயினும் அவ்வூர் மக்கள் சிதறிவிடவில்லை. அதே வரிசை வீடுகளில் பலர் தொடர்ந்து வாழ்கின்றனர். விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் வீடு திரும்புகின்றனர். வேலை போனாலும் கூட்டம் போகவில்லை என்பதே அவர்களுக்கு எஞ்சிய தங்கம்.

எனவே நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கொரு விழாவோடு அமையாமல், ஞாயிறுதோறும் அரைமணி நேரம் கூடுவோம். எந்தச் சமயத்தவராயினும் வரலாம். பத்து நிமிடம் மூச்சை நோக்கி அமைதியாக இருப்போம். பத்து நிமிடம் ஒரு நல்ல தமிழ் நூலைச் சிறுவர் ஒருவரைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்வோம். நம் பிள்ளைகளின் தமிழும் பிழைக்கும். எஞ்சிய பத்து நிமிடத்தில், இவ்வாரம் யாருடைய வீட்டுக்குச் சென்று பார்த்துவர வேண்டும் என்று முடிவு செய்வோம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. கூடும் இடம் இல்லையென்றால் என் வீட்டுக் கூடம் இருக்கின்றது. உள்ளே வருமுன் சிறிது நேரம் அமர்வதற்கு வாயிலில் அகலமான ஒரு படியும் இருக்கின்றது.

விருந்து ஆயத்தமாகிவிட்டதென்று செயலாளர் குறிப்புக் காட்டுகின்றார். எல்லாரும் இருந்து உண்டு செல்லுமாறு கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கின்றேன்.